மாறிச்சா என்று கேட்பவர்களுக்கு

முதலில் ஒரு கறை. உள்பாவாடையில், ஒரு நாணய அளவுக்கு, தேயிலைச் சாயம்போல. எனக்கு மாதவிலக்கு நின்று ஏழு வருஷம் ஆகியிருந்தது. நின்றுபோனது ஏன் திரும்பி வருகிறது என்று கேட்கவேண்டிய நேரத்தில், நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிற வேலை, சூடாக இருக்கும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

என் வேலை ஆதாரம் எழுத்து. தமிழ்நாட்டில் பத்திரம் என்பதை எங்கள் பக்கம் ஆதாரம் என்போம். கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையில், ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வெளியே முப்பது வருஷமாக, நிலம் விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் எழுதிக் கொடுக்கிறேன். பகல் முழுக்க மலையாளத்தில் எழுதுவேன், குளத்தூருக்கு வீடு திரும்பித் தமிழில் சண்டை போடுவேன். எங்கள் தெருவில் எல்லோரும் இப்படித்தான். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பாஷையும் ஏறி இறங்கும், யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ஆதாரத்தில் ஒரு சொல் பிசகினால் இரண்டு தலைமுறை கோர்ட்டு ஏறும். சொல் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று பெருமை பேசித் திரிந்தவள் நான். அந்தப் பெருமைக்கு விழுந்த அடியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கறையை ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சரோஜம் மைனியிடம் சொன்னேன். என் வீட்டுக்காரரின் அக்கா, அதியன்னூரில் இருக்கிறாள். "சூடாக்கும் லலிதே, வெந்தயம் குடி" என்றாள். வெந்தயம் குடித்தேன். கறை பெரிதாயிற்று. அறுபதை நெருங்குகிற பெண்ணுக்கு வெந்தயத்தைவிட டாக்டரைப் பார்ப்பதுதான் கடினமாக இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டிருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போய் டாக்டரைப் பாருங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

நெய்யாற்றிங்கரையில் ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையின் உள்சவ்வு தடித்திருக்கிறது என்றார்கள். பயாப்சி (சதையில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். கருப்பை உள்சவ்வுப் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தார்கள், பிறகு ரேடியேஷன் (கதிர்வீச்சு சிகிச்சை) கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே ஊர் விசாரிக்க வந்துவிட்டது.

எங்கள் ஊர் விசாரிப்பில் கேள்வி ஒன்றுதான். "மாறிச்சா?"

எங்கள் பக்கத்தில் நோய் குணமாவதை மாறுவது என்றுதான் சொல்வோம். காய்ச்சல் மாறும், வயிற்றுவலி மாறும், தீனம் என்று நாங்கள் சொல்லும் எந்த நோயும் மாறும். மலையாளத்திலும் அப்படியே. மாறினால் போயிற்று என்று அர்த்தம். மாறவில்லை என்றால் போகவில்லை. நடுவில் ஒன்றும் கிடையாது. நானும் எல்லோரிடமும் "மாறிச்சு" என்று சொன்னேன். "வயசான காலத்தில கர்ப்பபாத்திரம் எதுக்கு? எடுத்தது நல்லதாக்கும்" என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். அவளுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு வருஷம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு இருமல். காய்ந்த இருமல், சளி கிடையாது, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. மறுபடி ஸ்கேன். நுரையீரலில் சிறு சிறு கட்டிகள், வயிற்றின் பின்பக்கம் வீங்கிய நிணநீர் முடிச்சுகள். பழைய நோய்தான் திரும்பி வந்திருக்கிறது என்றார்கள்.

"கர்ப்பபாத்திரமே இல்லியே, பின்ன எப்பிடி அதில கேன்சர் வரும்?" ஊரில் இதைக் கேட்காத ஆள் பாக்கி இல்லை. முதல் பத்துப் பேருக்கு விளக்கினேன். பதினோராவது ஆளிடம் எரிந்து விழுந்தேன். சத்தியமாகச் சொன்னால், ஆஸ்பத்திரியில் அதே கேள்வியை முதலில் கேட்டவள் நான். பெரிய டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். வீட்டை இடிப்பதற்கு முன்பே உள்ளே இருந்த சிலர் வெளியேறி வேறு இடத்தில் குடியேறிவிட்டார்கள், அவ்வளவுதான் என்றார்.

கீமோதெரபி (நரம்பு வழியே ஏற்றும் புற்றுநோய் மருந்து) என்று முடிவாயிற்று. கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்று இரண்டு மருந்துகள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆறு முறை. ஒரு சம்மதப் பத்திரம் நீட்டினார்கள். ஊருக்கெல்லாம் வரி வரியாகப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று மூன்று தடவை கேட்டு, அதன் பிறகே கையெழுத்து வாங்குகிறவள் நான். அன்றைக்கு அந்தத் தாளை ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். படித்தால் போடாமல் எழுந்து போய்விடுவேன் என்று பயம்.

மருந்து ஏற்றுகிற கூடத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருப்பார்கள். காலையில் ஏறினால் பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சுகுமாரன் டிரான்ஸ்போர்ட் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வெளியே வராந்தாவில் காத்திருப்பார். அவருக்கு உட்கார்ந்து பழக்கம் உண்டு, ஆனால் கையில் ஸ்டியரிங் இல்லாமல் உட்கார்ந்து பழக்கம் இல்லை. அரைமணிக்கொரு தரம் எழுந்துவந்து கதவுக் கண்ணாடி வழியாக என் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டுப் போவார்.

முடி போனது இரண்டாவது வாரத்தில். அதற்கு நான் அழவில்லை. வாயில் எப்போதும் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற ருசி. மீன்குழம்பும் அதே ருசி, பாயசமும் அதே ருசி. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் (நோய்க்கிருமிகளை எதிர்க்கும் அணுக்கள்) குறைந்துவிட்டதால் இரண்டாவது டோஸ் ஒரு வாரம் தள்ளிப்போனது. சக்கரை வியாதி எனக்கு முன்பே உண்டு. மருந்து ஏற்றும்போது வாந்தியும் ஒவ்வாமையும் வராமலிருக்கப் போடுகிற ஊசியால் அதுவும் ஏறி உட்கார்ந்துகொண்டது. பட்ட காலிலே படும்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது விரல்கள். மூன்றாவது டோஸுக்குப் பிறகு விரல் நுனிகள் மரத்துப்போயின. நரம்பு பாதிப்பு, இந்த மருந்துக்கு வழக்கமானது என்றார்கள். பேனா கையில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். ஒரு கிரைய ஆதாரத்தில் வடக்கெல்லையை எழுதும்போது என் எழுத்து கோடு விட்டு இறங்கி மேற்கெல்லைக்குள் போயிற்று. கட்சிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மகன் அஜித் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். தினமும் போனில் ஏதாவது ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்புவான். இத்தனை சதவீதம் பேருக்குப் பலன், இத்தனை மாதம் கூடுதல் என்று வாசித்துக் காட்டுவான். ஒருநாள் கேட்டேன்.

"எலே மக்கா, அந்தக் கணக்கில நான் உண்டா?"

"அம்மா, அது வேற நாட்டில செஞ்ச ஆராய்ச்சி."

"நாடு கெடக்கட்டு. அவியளுக்குச் சக்கரை உண்டா? என்னப் போல டோஸ் தள்ளிப் போச்சா? பேனா பிடிக்கியதுக்கு விரல் உண்டா? அதையெல்லாம் எழுதியிருக்கா?"

"பாத்திட்டுச் சொல்லுதேன்" என்றான். பாவம், பிள்ளை தூரத்தில் இருந்து செய்யக்கூடியது அதுதான். ஆனாலும் எரிச்சலாக வந்தது.

மூன்று டோஸ் முடிந்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு சொல்கிற நாளில் பெரிய டாக்டர் லீவு. அவருக்குக் கீழே பயிற்சியில் இருந்த இளம் பெண் டாக்டர் உட்கார்ந்திருந்தார். சுகுமாரன் என்னிடம் தமிழில் எதையோ முணுமுணுக்க, அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. ஈரோட்டுப் பக்கம் சொந்த ஊராம். வந்து ஒரு வருஷமாகத் தட்டுத் தடுமாறி மலையாளம் பேசிக்கொண்டிருக்கிறாராம். "நீங்க தமிழாங்கம்மா? அப்ப தமிழ்லயே பேசலாங்க" என்றார். எங்களுக்கும் மகிழ்ச்சி. கெட்ட சேதியோ நல்ல சேதியோ சொந்த பாஷையில் கேட்கலாம் அல்லவா?

அவர் திரையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பாத்துட்டேங்கம்மா. மாறலைங்க. அப்படியே இருக்குது."

சுகுமாரன் என் கையைப் பிடித்தார். விரல் மரத்திருந்ததால் பிடித்தது எனக்குத் தெரியவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"இனி என்ன செய்யியது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் மாத்த வேண்டாங்க. இப்படியே போலாம்."

அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். வெளியே நர்ஸ் அடுத்த டோஸுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார். அது வழக்கத்துக்கு எழுதுவது என்று நினைத்தேன். தீனம் மாறவில்லை, அப்படியே இருக்கிறது, இனி மருந்தை மாற்றியும் பிரயோஜனம் இல்லை, இப்படியே வீட்டுக்குப் போகலாம். எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது இதுதான். அந்தப் பெண் சிரித்ததை இரக்கம் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல பிள்ளை, சாகப்போகிறவளிடம் முகம் சுளிக்காமல் சொல்கிறது என்றுகூட ரயிலில் நினைத்தேன்.

வீட்டில் சரோஜம் மைனி காத்திருந்தாள். நாங்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாறிச்சா?"

"மாறல்லியாம்" என்றார் சுகுமாரன்.

மைனி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஆரம்பித்தாள். "நான் அப்பமே சொன்னேன். மூணு தடவ விஷத்த ஏத்தி முடியும் போச்சு, நகமும் கறுத்தாச்சு. மாறாத தீனத்துக்கு இனியும் எதுக்கு அங்க போய்க் கெடக்கியது? காட்டாக்கடையில ஒரு வைத்தியர் உண்டு. நான் நாளைக்கே போயிட்டு வாறேன்."

பழியை அவள் தலையில் போட எனக்கு ஆசைதான், ஆனால் நியாயம் இல்லை. முடிவு எடுத்தது நான். கணக்கு இப்படிப் போட்டேன். மருந்தால் நோய் போகாது என்றால், போகாத நோய்க்காக மிச்சமிருக்கிற விரலையும் ஏன் கொடுக்கவேண்டும்? இருக்கிற மாதங்களில் நாலு ஆதாரமாவது நேராக எழுதிவிட்டுப் போகிறேன். சுகுமாரனிடம் சொன்னேன், இனி போகவில்லை என்று. "நீ சொல்லியது போல" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அஜித் மட்டும் விடவில்லை. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பு, அனுப்பு என்றான். ஸ்கேன் தாள் ஆஸ்பத்திரி பைலில் இருந்தது. டாக்டர் வாயால் சொன்னதற்கு மேல் தாள் எதற்கு என்று அவனிடம் சத்தம் போட்டேன். வாய்ப்பேச்சை நம்பாதே, எழுத்தில் வாங்கு என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற வாயால்.

தேதி வந்தது, போனது. கஷாயம் குடித்தேன். அதில் என்ன இருந்ததோ, இரண்டு நாள் கக்கூஸிலேயே குடியிருந்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். குறைந்திருந்த இருமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்கவேண்டியிருந்தது. சுகுமாரன் கீழே நின்று, மேலே போய்ச் சேருகிறாளா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

நான்காவது வாரத் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் இருந்து போன். மலையாளி நர்ஸ்.

"சேச்சீ, எந்தா வராத்தது? ஸ்கானில் மாற்றமொன்னும் இல்லல்லோ. நல்ல கார்யமல்லே!"

அக்கா, ஏன் வரவில்லை, ஸ்கேனில் மாற்றம் ஒன்றும் இல்லையே, நல்ல விஷயம்தானே என்று கேட்கிறாள். நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். மாற்றமில்லை. மாறவில்லை. மாற்றமில்லை என்றால் எனக்குப் புரிகிறது: அளவு அதேதான், கூடவில்லை. மலையாளத்தில் கேட்டதும் ஒரு நொடியில் புரிந்தது. ஈரோட்டுப் பெண் தமிழில் சொன்னதும் இதைத்தான். அவர் ஊரில் மாறவில்லை என்றால் முன்பு இருந்ததுபோலவே இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊரில் குணமாகவில்லை என்று அர்த்தம். இப்படியே போலாம் என்றது இதே மருந்தைத் தொடரலாம் என்பதற்கு. தமிழரும் தமிழரும் தமிழில் பேசிக் கெட்டுப்போன கதை இது. அன்றைக்கு அவர் தட்டுத் தடுமாறி மலையாளத்திலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு டோஸ் போயிருக்காது.

போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். கஷாயப் பாத்திரத்தை எடுத்து கொல்லையில் வாழைமூட்டில் கவிழ்த்தேன்.

மறுநாள் முதல் ரயிலில் போனோம். அதே பெண் டாக்டர்தான். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"டாக்டரே, எங்க ஊருல தீனம் மாறல்லன்னு சொன்னா, இனி விறகு அடுக்கலாம்னு சொல்லியது போலயாக்கும். நீங்க சிரிச்சிட்டுச் சொன்னீங்க."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. சுகுமாரன் விளக்கினார். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போயிற்று.

"அய்யோ, நான் நல்ல சேதிங்கம்மா சொன்னேன்! வளராம நின்னிருக்குதுன்னு சொன்னேங்க."

"வளராம நின்னா நல்லதா?"

"இந்த நிலையில ரொம்ப நல்லதுங்கம்மா."

"அப்பம் இந்தத் தீனம் போகாதா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் அன்றுவரை யாரிடமும் நேராகக் கேட்காத கேள்வி அது. அவரும் நேராகவே பதில் சொன்னார்.

"பரவுனதுக்கு அப்புறம் முழுசா போயிரும்னு இந்த மருந்த நம்பிச் சொல்ல முடியாதுங்க. சில பேருக்குச் சுருங்கும். சில பேருக்கு அப்படியே நிக்கும். சில பேருக்குக் கேக்காது. எவ்வளவு நாள் நிக்கும்னு முன்கூட்டியே தெரியாதுங்க."

மகன் அனுப்பிய கட்டுரைகளைப் பற்றிக் கேட்டேன். அதில் போட்டிருக்கிற பலன் எனக்கும் கிடைக்குமா என்றேன்.

"ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கறப்ப பாத்துப் பாத்து எடுப்பாங்கம்மா. கிட்னி நல்லா இருக்கணும், சக்கரை கட்டுல இருக்கணும், நல்லா நடமாடணும். நம்ம வராந்தாவுல உக்காந்திருக்கறவங்கள பாருங்க. பாதிப் பேருக்கு ரத்தம் கொறஞ்சு டோஸ் தள்ளிப் போகும். விரல் மரத்தா மருந்தக் கொறைப்போம். நடுவுல வராம நின்னுக்கறவங்களும் உண்டு." இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார். "அதனால பேப்பர்ல இருக்கறது இங்க அப்படியே வருமான்னு கேட்டா, பல பேருக்கு அதுக்குக் கீழதான் வரும். வராமலே போகுதுன்னும் சொல்ல மாட்டேங்க."

எனக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஆதாரத்தில் பத்து சென்ட் என்று இருக்கும். மண்ணில் சங்கிலி பிடித்து அளந்தால் ஒன்பதரைதான் நிற்கும். நடுவில் ஓடை அரித்திருக்கும், அண்டைக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டிருப்பான். அதற்காக ஆதாரம் பொய் என்று யாரும் கிழித்துப் போடுவதில்லை, இருக்கிற ஒன்பதரையில் வீடு கட்டுகிறோம். இதை முதல் நாளே என்னிடம் இப்படிச் சொல்லியிருக்கலாமே என்று எரிச்சல்பட்டேன். பைலை வாங்கி என் சம்மதப் பத்திரத்தைப் படித்தேன். மூன்றாவது வரியில் இருக்கிறது. நோயை நியந்திரணம் செய்ய, அதாவது கட்டுப்பாட்டில் வைக்க. குணமாக்க என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே இல்லை. கீழே என் கையெழுத்து, அழகாக, விரல் நன்றாக இருந்த காலத்தில் போட்டது.

"நான் வராம போனதினால என்ன கெட்டுப்போச்சு?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"தெரியலைங்கம்மா. தெரியும்னு சொன்னா பொய்." பிறகு, "தப்பு எம்மேலயும் இருக்குங்க. புரிஞ்சுதான்னு திருப்பிக் கேட்டிருக்கணும்" என்றார்.

எனக்கு அந்தப் பெண்மேல் இருந்த கோபம் அதோடு தீர்ந்தது. மகள் வயசுதான் இருக்கும். என்மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. ஒரு டோஸ், மூன்று வாரத்துக்கு மேல். திரும்பக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நோயாளி கேள்வி கேட்டால் டாக்டருக்குக் கோபம் வரும் என்று ஒரு பயம் நமக்கெல்லாம் எங்கிருந்தோ ஊட்டப்பட்டிருக்கிறது. எனக்குச் சொல் தெரியும், சட்டம் தெரியும், வாய் உண்டு. நானே கேட்கவில்லை.

அதனால் சொல்கிறேன். ஸ்கேன் முடிவு கேட்கப் போகிறவர்கள் மாறிச்சா என்று கேட்காதீர்கள். கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, அதே அளவில் நிற்கிறதா என்று கேளுங்கள். டாக்டர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லாமல் எழுந்திருக்க விடாதீர்கள்.

மறுபடி மருந்து தொடங்கியது. விரலுக்காக பாக்லிடாக்சலின் அளவைக் குறைத்தார்கள். அஜித் லீவு போட்டு வந்து ஒரு டோஸுக்குக் கூட இருந்தான். கட்டுரைகள் அனுப்புவதை நிறுத்தியிருந்தான். பாட்டில் சொட்டுவதைப் பார்த்தபடி, "அம்மா, நான் தேடிப் பாத்தேன். சாதாரண ஆஸ்பத்திரியில சாதாரண ஆளுகளுக்கு எப்பிடின்னு எழுதினதும் கொஞ்சம் உண்டு. பலன் அவ்வளவு வரல்ல. ஆனா உண்டு" என்றான்.

"அதில நான் உண்டா?"

"உண்டும்மா. உங்களப் போலச் சக்கரை உள்ளவங்க, டோஸ் தவறினவங்க எல்லாரும் உண்டு."

எனக்கு அது ஏனோ ஆறுதலாக இருந்தது. எண் குறைவுதான், ஆனால் என்னையும் சேர்த்து எண்ணிய எண்.

மைனியும் வந்தாள். இந்தத் தடவை கையில் கஷாயம் இல்லை. கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள். குடித்தேன். துருப்பிடித்த ஆணிதான், ஆனாலும் குடித்தேன்.

ஆறாவது டோஸ் முடிந்து ஸ்கேன் எடுத்த அன்று, ஈரோட்டு டாக்டர் எங்களை உள்ளே கூப்பிடக்கூட இல்லை. அவரே வராந்தாவுக்கு வந்தார். வரும்போதே கையைத் தரைக்கு நேராக விரித்து, மேலேயும் தூக்காமல் கீழேயும் இறக்காமல் காட்டிக்கொண்டு வந்தார்.

"கூடலைங்கம்மா. நுரையீரல்ல ஒரு கட்டி சின்னதாயிருக்குது. மத்ததெல்லாம் அதே அளவு. புரிஞ்சுதா? திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் திருப்பிச் சொன்னேன். மருந்துக்கு இப்போது ஓய்வு, மூன்று மாதம் கழித்து அடுத்த ஸ்கேன் என்றார்.

பாறசாலையில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து, குளத்தூரில் எங்கள் முக்கில் இறங்கி நடந்தோம். என் பாதமும் இப்போது மரத்துத்தான் கிடக்கிறது. தரை இருக்கிறது என்று நம்பித்தான் அடி வைக்கிறேன். முன்பெல்லாம் என் உடம்பு இருப்பதே எனக்கு ஞாபகம் இருக்காது. இப்போது ஒவ்வொரு விரலையும் கண்ணால் பார்த்து, இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. அடுத்த வருஷத்துக்கென்று எதையும் நான் யோசிப்பதில்லை. என் காலண்டரில் வருஷம் என்ற ஒன்று இல்லை.

ரேஷன் கடை முன்னால் பக்கத்து வீட்டு வசந்தா எதிரே வந்தாள். சுகுமாரன் கையில் இருந்த ஸ்கேன் கவரைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணா, மாறிச்சா?"

வாழ்நாள் முழுக்க சத்தமாகப் பேசாத மனுஷன். தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"மாறல்ல வசந்தா! ஒண்ணுமே மாறல்ல! அப்பிடியே கெடக்கு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார், பல் தெரிய. வசந்தா பையைக் கீழே போட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பாள். கடைக்காரர் எழுந்து வெளியே வந்தார். சுகுமாரன் விழித்துக்கொண்டு நிற்க, எனக்கு வந்த சிரிப்பில் இருமல் வந்து, நிற்க முடியாமல் ஓடைமேல் போட்ட கலுங்கின் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதோ, பஸ் நின்ற இடத்திலோ அதற்கும் முன்போ, ஒன்றும் தெரியாமல் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேன்.

"நான் போயி எடுத்திட்டு வாறேன், நீ இரி" என்றார் சுகுமாரன்.

நானும் வருகிறேன் என்று எழுந்தேன். வசந்தாவுக்கு விளக்கம் சொல்லவேண்டியிருந்தது, வழியெல்லாம் செருப்பைத் தேடவேண்டியிருந்தது. மெதுவாகவே நடந்தோம். மூன்று மாதம் முழுசாகக் கையில் இருந்தது.